தலைவர் மேல் உள்ள வழக்கு ஏன் நகரவில்லை? கோப்பு நிற்கும் மேசையைக் கண்டுபிடிப்பது எப்படி

தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பு எல்லா மேடையிலும் ஒரே பேச்சுதான், "நாங்கள் வந்தால் இவர்களை உள்ளே தள்ளுவோம்" என்று. ஆட்சி மாறுகிறது, ரெய்டு நடக்கிறது, டிவியில் இரண்டு நாள் அந்த வீட்டு வாசலையே காட்டுகிறார்கள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஐந்து வருடம் கழித்து அதே ஆள் மாலை மரியாதையோடு வேட்புமனு கொடுக்க வருகிறார். நாம் டீக்கடையில் உட்கார்ந்து "எல்லாம் கூட்டுக் களவாணிங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன்.

என்னை மாற்றியது எங்கள் ஊர்க் கண்மாய். தூர் வாராமலே தூர் வாரியதாக பில் போட்ட விவகாரத்தில், உள்ளூரில் செல்வாக்கான ஒரு அரசியல் புள்ளி மேல் நாங்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். இரண்டு வருடமாகப் பதில் இல்லை. ஒருநாள் அந்த அலுவலகத்துக்கே போய் நின்றேன். அங்கிருந்த எழுத்தர் அம்மா என்ன நினைத்தாரோ, தபால் பதிவேட்டை எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். நீளமான நோட்டு, ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. எங்கள் மனுவின் எண், வந்த தேதி, எந்த அதிகாரிக்கு அனுப்பினார்கள் என்ற விவரம், "மேல்நடவடிக்கைக்கு" என்று சிவப்பு மையில் ஒரு வார்த்தை, எல்லாம் இருந்தது. அதற்கடுத்த கட்டம் காலி. நான் இரண்டு வருடமாக மொத்த அரசாங்கத்தையும் திட்டிக்கொண்டிருந்தேன், மனு நின்றதோ ஒரே ஒரு மேசையில், அந்த மேசைக்குப் பதவிப் பெயரும் முகவரியும் இருந்தது.

பெரிய தலைவர்கள் மேல் உள்ள வழக்குகளும் இப்படித்தான் நிற்கின்றன, மேசை மட்டும் பெரியது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் எழுத்தில் என்ன கேட்பது என்று நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கோர்ட்டில் மனுப் போடும் கட்டம் வந்தால் வக்கீலைப் பாருங்கள், அதற்கு முந்தைய வேலை பெரும்பாலும் நாமே செய்யக்கூடியதுதான்.

எந்த வாசலில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒரு அமைச்சர் மேல் ஊழல் வழக்கு என்றால் அது தாண்ட வேண்டிய வாசல்கள் நிறைய. முதலில் புகார் வர வேண்டும், லஞ்ச ஒழிப்புத் துறை முதற்கட்ட விசாரணை நடத்தும். அவர் பதவியில் எடுத்த முடிவோ செய்த பரிந்துரையோ சம்பந்தப்பட்டது என்றால், விசாரணையைத் தொடங்கவே ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவுப்படி முன் அனுமதி வேண்டும் என்று 2018இல் சேர்த்தார்கள். லஞ்சம் வாங்கும்போதே கையும் களவுமாகப் பிடித்துக் கைது செய்தால் மட்டும் அது வேண்டாம். அப்புறம் எஃப்ஐஆர். விசாரணை முடிந்து கோர்ட் அந்த வழக்கைக் கையில் எடுக்க வேண்டுமென்றால், அதே சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி வழக்குத் தொடர இசைவு ஆணை வேண்டும். முன்பெல்லாம் பதவியை விட்டு இறங்கியவருக்கு இந்த இசைவு தேவையில்லாமல் இருந்தது, 2018 திருத்தம் முன்னாள்களையும் சேர்த்து அந்தக் குடைக்குள் கொண்டுவந்துவிட்டது. இதற்கெல்லாம் பிறகுதான் குற்றச்சாட்டுப் பதிவு, சாட்சிகள், தீர்ப்பு, மேல்முறையீடு.

இந்த வாசல்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விசாரிக்கும் துறை மாநில அரசின் கீழ் இருக்கிறது. அனுமதியும் இசைவும் தருவது அரசு அல்லது ஆளுநர், கோர்ட்டில் வாதாடும் அரசு வழக்கறிஞரை (பி.பி.) நியமிப்பது அரசு, தோற்றால் அப்பீல் போகலாமா என்று முடிவெடுப்பதும் அரசு. ஆள்பவரையோ ஆள்பவருக்கு வேண்டியவரையோ அதே அரசுதான் கூண்டில் ஏற்ற வேண்டும். அதனால் வழக்கைத் தள்ளுபடி செய்யக்கூட வேண்டியதில்லை, ஒரு கோப்பில் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும். சிபிஐ வரட்டும் என்றால் அதற்கும் மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும், தமிழ்நாடு தன் பொது ஒப்புதலை 2023 ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிபிஐ மட்டும் யாருக்கும் கட்டுப்படாத துறையா என்ன, அது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. ஆகவே "யார் விசாரிப்பது" என்ற சண்டையில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். எந்த வாசலில் நிற்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய விவரம்.

எண் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது

"அந்த டெண்டர் கேஸ்", "அந்த மணல் கேஸ்" என்று போய்க் கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் வராது. எஃப்ஐஆர் எண், காவல் நிலையம் அல்லது பிரிவு, வருடம், கோர்ட் வழக்கு எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். அவற்றை எடுக்கச் சுலபமான இடம் அந்தத் தலைவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம்தான். வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் நிலுவையில் உள்ள குற்ற வழக்குகளை எஃப்ஐஆர் எண், கோர்ட், சட்டப்பிரிவு எல்லாம் போட்டுச் சொல்லியாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அது ஸ்கேன் செய்து கிடைக்கும். கையெழுத்து மங்கலாக இருக்கும், பொறுமையாகப் பெரிதாக்கிப் படியுங்கள். முந்தைய தேர்தலின் பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன தடவை இருந்த வழக்கு இந்தத் தடவை காணவில்லை என்றால் அது எப்படி முடிந்தது என்பதே உங்கள் முதல் கேள்வி.

கோர்ட்டுக்குப் போய்விட்ட வழக்கு என்றால் இ-கோர்ட்ஸ் செயலியில் பெயர் போட்டோ வழக்கு எண் போட்டோ தேடலாம். 16 எழுத்தும் எண்ணும் கலந்த சிஎன்ஆர் எண் ஒன்று வரும், அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்தமுறை நேரே உள்ளே போய்விடலாம். ஒவ்வொரு வாய்தாவும் எதற்காகத் தள்ளிப்போனது என்று அதில் ஒரு வரி இருக்கும். "எதிரி ஆஜராகவில்லை", "பி.பி. அவகாசம் கேட்டார்", "நீதிபதி விடுப்பு" என்று இருப்பதையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். இருபது வாய்தாவை எழுதி முடிக்கும்போது யாரால் தாமதமாகிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். எம்பி, எம்எல்ஏக்கள் மேல் உள்ள வழக்குகளின் எண்ணிக்கை, தாக்கலான வருடம், இப்போதைய நிலை ஆகியவற்றை மாவட்டவாரியாகத் தங்கள் இணையதளங்களில் தனிப் பகுதியில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பர் 9 அன்று எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் சொல்லியிருக்கிறது, அதையும் போய்ப் பாருங்கள்.

தகவல் உரிமை மனு: "ஏன்" என்று கேட்காதீர்கள்

முதல் முறை நான் செய்த தப்பு, மனுவில் "ஏன் இன்னும் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டது. காரணம் விளக்குவது எங்கள் வேலை இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தர முடியும் என்று பதில் வந்தது. சட்டப்படி அது சரியான பதில்தான். இப்போது தேதியும் நகலும் மட்டுமே கேட்கிறேன். மாதிரிக்கு ஒன்று தருகிறேன், உங்கள் வழக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"இன்ன எண்ணுள்ள முதல் தகவல் அறிக்கை தொடர்பாக, ஊழல் தடுப்புச் சட்டம் 19ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடர இசைவு கோரி வந்த கடிதம் தங்கள் அலுவலகத்தில் பெறப்பட்ட தேதி. அந்தக் கோப்பு இன்றுவரை எந்தெந்த அலுவலர்களிடம் எந்தத் தேதியில் சென்றது என்பதைக் காட்டும் கோப்பு நகர்வுப் பதிவின் நகல். தற்போது கோப்பு உள்ள அலுவலரின் பதவிப் பெயர். சட்ட ஆலோசனை கோரப்பட்டிருந்தால் அது கோரப்பட்ட தேதி. இசைவு அளித்தோ மறுத்தோ ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்தால் அதன் நகல்."

அவ்வளவுதான். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தமிழிலேயே எழுதி, தபால் ஒப்புகை கிடைக்கும் வழியில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். லஞ்ச ஒழிப்புத் துறைக்கு அனுப்பினால், 2008லேயே தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து எங்களுக்கு விலக்கு தந்துவிட்டார்கள் என்று அரசாணையைக் காட்டுவார்கள். ஆனால் அந்த விலக்கைத் தரும் 24ஆம் பிரிவிலேயே, ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு விலக்கு பொருந்தாது என்று எழுதியிருக்கிறது, அதைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யலாம். அதைவிடச் சுருக்கமான வழி, கோப்பைப் பெற்றுக்கொண்ட பக்கத்தில் கேட்பது. தலைமைச் செயலகத் துறைகளுக்கோ ஆளுநரின் செயலகத்துக்கோ பொதுவாக இந்த விலக்கு கிடையாது. தப்பான துறைக்கு அனுப்பிவிட்டோமோ என்று கவலைப்பட வேண்டாம், சரியான துறைக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. "விசாரணை பாதிக்கப்படும்" என்று மறுத்தால், சும்மா அப்படிச் சொன்னால் போதாது, எப்படிப் பாதிக்கும் என்று காட்ட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லியிருப்பதை மேல்முறையீட்டில் எழுதுங்கள். கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் போனது என்று சொல்வதால் எந்த விசாரணையும் கெட்டுப்போகாது.

நான்கு மாதக் கணக்கு

தேதி கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இசைவு கேட்ட கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் முடிவெடுக்க வேண்டும், சட்ட ஆலோசனை தேவை என்றால் காரணத்தை எழுதிவைத்து இன்னும் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இந்தக் கெடு ஒரு பேச்சுக்குச் சொன்னதா, கட்டாயமா என்ற சந்தேகத்தை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. சென்னை சிபிஐ தொடுத்த வழக்கு ஒன்றில்தான் அந்தத் தீர்ப்பு. கெடு கட்டாயம், ஆனால் கெடு தாண்டிவிட்டது என்பதற்காக வழக்கே செத்துப்போகாது, தாமதத்துக்கு அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்டவரோ புகார்தாரரோ உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது.

இந்தக் கெடு எவ்வளவு போராடிக் கிடைத்தது என்று தெரிந்துகொள்ள 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரத்தைப் பாருங்கள். அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா மேல் வழக்குத் தொடர இசைவு கேட்டு சுப்பிரமணியன் சுவாமி பிரதமருக்கு எழுதியது 2008 நவம்பரில், இப்போதைக்கு அவசரமில்லை என்கிற மாதிரி பதில் வந்தது 2010 மார்ச்சில். பதினாறு மாதம்! அந்தத் தாமதத்தை எதிர்த்த வழக்கில்தான், தனிமனிதர் ஒருவரும் இசைவு கேட்கலாம், அதற்குக் காலவரம்புக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ராசா உட்பட எல்லோரையும் சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பரில் விடுதலை செய்துவிட்டது, மேல்முறையீடு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. முடிவு எப்படி வந்தாலும் சரி, பதினாறு மாதம் பதில் சொல்லாமல் இருந்தது தப்புதான். குற்றம் செய்யவில்லை என்று நம்புகிறவருக்கும் வழக்கு சீக்கிரம் நடந்து முடிவதுதானே நல்லது?

இங்கே தமிழ்நாட்டிலும் பார்த்தோம். குட்கா வழக்கில் முன்னாள் அமைச்சர்கள் சி. விஜயபாஸ்கர், பி.வி. ரமணா மேல் வழக்குத் தொடர இசைவு கேட்ட கோப்பு 2022 செப்டம்பரில் ஆளுநருக்குப் போனது. அது நிலுவையில் கிடக்கிறது என்று அப்போதைய சட்ட அமைச்சர் எஸ். ரகுபதி 2023 ஜூலையில் ஆளுநருக்குக் கடிதமே எழுதினார். அந்த வருட அக்டோபர் கடைசியில் ஆளுநரின் தாமதங்களை எதிர்த்து மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, நவம்பரில் இசைவு வந்தது. அங்கே கோப்பு எந்த மேசையில் நின்றது என்று ஊருக்கே தெரிந்ததற்குக் காரணம் அரசும் ஆளுநரும் எதிரெதிரே நின்றதுதான். இரண்டு பேரும் ஒரே பக்கம் என்றால் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு விஷயமும் ஞாபகம் இருக்கட்டும், அமைச்சரவை தன் சகாவைக் காப்பாற்ற இசைவை மறுக்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்தால் ஆளுநர் தன் சொந்த முடிவில் இசைவு தரலாம் என்று மத்தியப் பிரதேச அமைச்சர்கள் இருவர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2004இல் சொல்லியிருக்கிறது. ஆளுநருக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள்.

கெடு தாண்டியதும் வீட்டில் உட்கார்ந்து வருத்தப்பட வேண்டாம். தகவல் உரிமையில் கிடைத்த தேதிகளை வைத்து, இன்ன நாளில் கடிதம் வந்தது, இன்ன நாளோடு நான்கு மாதம் முடிந்தது, முடிவெடுத்து எனக்குத் தெரிவியுங்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பி, நியாயமான அவகாசம் கொடுத்துவிட்டு, அப்புறம் அதிகாரி தன் கடமையைச் செய்ய உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மனுவில் "இசைவு தரச் சொல்லுங்கள்" என்று கேட்பதைவிட "ஏதாவது ஒரு முடிவை எடுக்கச் சொல்லுங்கள்" என்று கேட்பது எளிதில் கிடைக்கும். முடிவு மறுப்பாகவே இருந்தாலும் அதற்குக் காரணம் எழுதியாக வேண்டும், அந்தக் காரணத்தைக் கேள்வி கேட்கலாம். எழுதாத மறுப்பை ஒன்றுமே செய்ய முடியாது.

யார் கையெழுத்து என்பதையும் பாருங்கள். ஐ. பெரியசாமி மேல் இருந்த வீட்டுவசதி வாரிய மனை வழக்கில், இசைவை ஆளுநர் தராமல் சபாநாயகர் தந்தார் என்ற காரணத்தால் 2023 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது. உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அந்த விடுவிப்பை ரத்து செய்ய, அவர் உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். பல வருடம் ஓடிய வழக்கு, ஒரு கையெழுத்து எந்த மேசையில் போட வேண்டியது என்ற சண்டையில் வந்து நின்றது. ஆகவே இசைவு ஆணையின் நகல் கிடைத்தால் முதலில் அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

கோர்ட்டுக்குப் போனபின் தூங்கிவிடாதீர்கள்

குற்றப்பத்திரிகை தாக்கலானதும் பத்திரிகைக்காரர்கள் போய்விடுவார்கள், நாமும் மறந்துவிடுவோம். வழக்கு சத்தமில்லாமல் சாவது இந்தக் கட்டத்தில்தான்.

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கைவிடப் பெரிய பாடம் இதற்கு இல்லை. 1996இல் பதிவான வழக்கு, 1997இல் குற்றப்பத்திரிகை, சென்னையில் சாட்சி விசாரணையும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. 2001இல் ஆட்சி மாறியது. ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்கக்கூட அரசு வழக்கறிஞர் முயலவில்லை. க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் இதையெல்லாம் காட்டியதால்தான் 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்கு மாறியது. அப்புறம் 2014இல் தண்டனை, 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தபோது ஜெயலலிதா இறந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த 64 பேரும் கூண்டில் நின்று மாற்றிச் சொன்னது ரகசிய அறையில் இல்லை, திறந்த கோர்ட்டில். நானோ நீங்களோ பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

உட்காருங்கள். ரகசிய விசாரணை என்று உத்தரவு இல்லாதவரை கோர்ட்டில் போய் உட்கார யாருக்கும் உரிமை உண்டு. போனை அணைத்துவிட்டு, அமைதியாக, ஒரு நோட்டும் பேனாவும். ஒரு சிறப்பு நீதிமன்றத்தில் நான் முதல் முறை உட்கார்ந்தபோது, வழக்கு கூப்பிட்டு, இரு தரப்பும் எழுந்து, அடுத்த தேதி சொல்லி, எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது இதற்கா என்று இருந்தது. ஆனால் அடுத்த வாய்தாவிலும் அதே பெஞ்சில் நான் இருந்ததை அரசு வழக்கறிஞர் பார்த்தார், மூன்றாவது தடவை "நீங்க யாரு சார்?" என்று கேட்டார். பொதுமக்கள் என்றேன்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வழக்கை அரசே வாபஸ் வாங்குவது. ஓ. பன்னீர்செல்வம் மேல் 2006இல் திமுக ஆட்சியில் போட்ட சொத்து வழக்கை, அதிமுக ஆட்சியில் 2012இல் வாபஸ் வாங்க அனுமதி கேட்டார்கள், சிவகங்கை கோர்ட்டும் அனுமதித்தது. பத்து வருடத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து அதை எடுத்து, 2024 அக்டோபரில் வாபஸ் உத்தரவை ரத்து செய்தார். பன்னீர்செல்வம் உச்ச நீதிமன்றத்தில் தடை பெற்றார். இப்போது இவ்வளவு சுலபமாக வாபஸ் வாங்க முடியாது, எம்பி, எம்எல்ஏ மேல் உள்ள எந்த வழக்கையும் உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்கக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. உங்கள் நோட்டில் "வாபஸ் மனு தாக்கல்" என்று ஒரு வரி வந்தால், அனுமதி வாங்கினார்களா என்று அன்றைக்கே விசாரியுங்கள்.

இன்னொன்று "மேல் விசாரணை". கேட்க நல்ல வார்த்தை, ஆட்சி மாறியதும் வந்தால் மட்டும் உஷாராகுங்கள். திமுகவின் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு மேல் அதிமுக ஆட்சியில் போட்ட சொத்து வழக்குகளில் 2021க்குப் பிறகு லஞ்ச ஒழிப்புத் துறை மேல் விசாரணை நடத்தி, குற்றம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது, கோர்ட் இருவரையும் விடுவித்தது. அதே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2024 ஆகஸ்டில் அந்த விடுவிப்புகளை ரத்து செய்தார், அதற்கும் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. பெயர்களைப் பாருங்கள், இரண்டு கட்சியும் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த கட்சியின் ஆளை மட்டும் விட்டுவிட்டு மற்றவர் வழக்கைத் தொடர்ந்தால் கோர்ட்டிலும் மதிப்பு இருக்காது, ஊரிலும் இருக்காது.

நீங்களே புகார்தாரர் ஆவது

மொட்டைக் கடிதம் எழுதாதீர்கள். பயம் எனக்கும் புரிகிறது, ஆனால் பெயர் போட்டுக் கொடுத்த புகாருக்குத்தான் சட்டத்தில் கைகால் உண்டு. முதற்கட்ட விசாரணையோடு புகாரை மூடினால் ஒரு வாரத்துக்குள் காரணத்தோடு நகல் தரவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தகவல் கொடுத்தவருக்குத்தான். எஃப்ஐஆர் போட்டபின் முடிவறிக்கை கொடுத்து வழக்கை மூடப் பார்த்தால், கோர்ட் அதை ஏற்கும் முன் நோட்டீஸ் வரவேண்டியதும், ஆட்சேப மனு போடும் உரிமையும் அவருக்குத்தான். தனியாக எழுதப் பயமாக இருந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

புகாரில் திட்டு வேண்டாம். எந்த வேலை, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எந்த ஆவணம் என்று எழுதுங்கள். தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள், ஏனென்றால் பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்தால் அது நம் மேலேயே வழக்காகத் திரும்பும். ஃபேஸ்புக்கில் "திருடன்" என்று போடுவதும் அப்படித்தான், அவதூறு வழக்கு வந்தால் நம் நேரமும் காசும் அதிலேயே போய்விடும், அவர்களுக்கு அதுதானே வேண்டும்.

போலீஸ் எஃப்ஐஆரே போட மறுத்தால் எஸ்பிக்கு எழுதி, அதற்கும் பதில் இல்லாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு கோர்ட்டை அணுகலாம். தனிநபர் புகாராகவும் ஊழல் வழக்கைத் தொடங்கலாம் என்பது மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்த ஏ.ஆர். அந்துலே வழக்கில் 1984இலேயே தீர்ந்துபோன விஷயம். ஆனால் 2018க்குப் பிறகு, முதலில் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்து, கோர்ட் அதைத் தள்ளாமல் இசைவு வாங்கிவரச் சொன்னால்தான் தனிநபர் இசைவு கேட்க முடியும். இந்த இடத்தில் வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள். காசு இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே உதவி உண்டு.

எனக்கு இன்னமும் ஆறாத ஒரு கோபம் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 218ஆம் பிரிவில், அரசு 120 நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால் இசைவு கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல விஷயம். அதே வரியை ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் எழுதவில்லை. அங்கேதான் அது முதலில் தேவை. உங்கள் எம்பி ஓட்டுக் கேட்டு வரும்போது இந்த ஒரு கேள்வியை பிரிவு எண்ணோடு கேட்டுப் பாருங்கள், பதிலையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தீர்ப்பு நாள். விடுதலை என்று வந்தால் மாநில அரசு உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போக 90 நாள். அந்த 90 நாளும் ஒருவரும் வாய் திறக்காமல் இருந்தால் கெடு தானாக ஓடிவிடும். தீர்ப்பு வந்த முதல் வாரத்திலேயே தீர்ப்பை கோர்ட் தளத்திலிருந்து இறக்கி முழுதாகப் படியுங்கள். ஆதாரமே இல்லை என்று நீதிபதி விளக்கமாக எழுதியிருந்தால் அதையும் மதித்து ஏற்றுக்கொள்ளுங்கள். சாட்சியைக் கூப்பிடவில்லை, ஆவணத்தைத் தாக்கல் செய்யவில்லை என்று அரசுத் தரப்பின் ஓட்டைகளை எழுதியிருந்தால், அந்தப் பத்திகளின் எண்ணைக் குறித்து, மேல்முறையீடு செய்யப்போகிறீர்களா என்று உள்துறைச் செயலருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநருக்கும் கடிதம் அனுப்புங்கள். அறுபதாவது நாளில் இன்னொன்று. நோட்டில் அந்த 90ஆவது நாளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.